முன்ஷியின் மறுப்பு: சமயப் பணியில் சமநிலைக் கூட்டுறவு குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

சிங்கப்பூரின் தென்கரையில் உள்ள தஞ்சோங் பகார் இன்று அலுவலகக் கோபுரங்களும் அடுக்குமாடி வீடுகளும் நெருங்கி நிற்கும் பகுதியாகும். 1864ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தஞ்சோங் பகார்க் கப்பல்துறை நிறுவனத்தின் வழியாக இவ்விடம் தமிழ்த் தொழிலாளர் பலருக்குப் பிழைப்புக் களமாயிற்று. கடையநல்லூரிலிருந்து வந்து குடியேறிய தமிழ் முஸ்லிம்கள் 1946ஆம் ஆண்டில் இங்கே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவினர். 1982ஆம் ஆண்டுவரை அப்பள்ளி நடைபெற்றது. ஆயின் இவ்வூர்ப் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் கதை இவை எல்லாவற்றினும் பழையது.

மலாய் மொழியில் ‘தஞ்சோங்’ என்பது கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனையையும், ‘பகார்’ என்பது வேலியையும் குறிக்கும். மீன்பிடிப்போர் நட்ட வேலிகளால் இப்பெயர் வந்தது என்பாரும் உளர். மக்களிடையே பெரிதும் வழங்குவதோ ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று நூலில் உள்ள கதையாகும். கூரிய அலகுடைய மீன்கள் கூட்டமாகப் பாய்ந்து கரையிலிருந்தோரைக் குத்திக் கொன்றன. மன்னன் தன் வீரர்களை வரிசையாக நிறுத்தி, அவர்தம் கால்களையே வேலியாக்கினான்; வீரர்கள் மாண்டதே மிச்சம். ஒரு சிறுவன், வாழைமரங்களை வெட்டி வேலியாக நட்டால் மீன்களின் அலகு அவற்றில் தைத்துக்கொள்ளுமே என்றான். அவ்வாறே செய்தனர்; கரை காப்பாற்றப்பட்டது. இச்சிறு வயதிலேயே இத்துணை அறிவுடையவன் வளர்ந்தால் என்னாவான் என்று அமைச்சர் அஞ்சினர். மன்னன் சிறுவனைக் கொல்வித்தான். யோசனை நின்றது, யோசனை கூறியவன் நிற்கவில்லை. அவன் பெயரும் நூலில் இல்லை.

இந்நூலைச் சிங்கப்பூரில் அச்சேற்றியவர் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா ஆவார். தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கிறித்தவ மிஷனரிமார்க்கு மலாய் கற்பிப்பதிலும், அவர்தம் மொழிபெயர்ப்புகளுக்குத் துணைபுரிவதிலும் கழித்த ஒரு முஸ்லிம் அறிஞர் அவர். யோசனை கூறுவோனுக்கும் அதைப் பயன்கொள்வோனுக்கும் இடையிலான உறவை அவர் உள்ளிருந்தே அறிந்தவர். இக்கட்டுரை அவரிடமிருந்து தொடங்குகிறது.

சமயப் பணியில் வெவ்வேறு பண்பாட்டினர்க்கிடையே சமமான, மதிப்புடைய கூட்டுறவு வேண்டும் என்பது இன்று எவரும் மறுக்காத கருத்து. 1947ஆம் ஆண்டில் கனடாவின் விட்பி நகரில் கூடிய பன்னாட்டு மிஷனரி மன்றம் ‘கீழ்ப்படிதலில் கூட்டாண்மை’ என்னும் தொடரை முன்வைத்தது முதல், ‘கூட்டாண்மை’ என்பது அத்துறையின் நிலைத்த சொல்லாகிவிட்டது. அதைப் பற்றி எழுதுவோர் பணிவு, அன்பு, செவிசாய்த்தல் முதலிய பண்புகளையே மிகுதியும் பேசுகின்றனர். பண்புகள் வேண்டியவையே. எனினும் அவற்றை அளக்க வழியில்லை. இரு பண்பாட்டினர் சேர்ந்து உருவாக்கிய நூல்களோ நம் கையில் உள்ளன. அவற்றிடம் நாம் கேட்கத்தக்க கேள்வி எளியது: இருவரும் கருத்து மாறுபட்டபோது யாருடைய சொல் நின்றது?

தோம்சனும் அப்துல்லாவும்

அப்துல்லாவின் கொள்ளுப்பாட்டனார் ஏமன் நாட்டு அரபியர். நாகூரில் தங்கித் தமிழ்ப் பெண்ணை மணந்தவர். அவர்தம் மக்களுள் ஒருவர் மலாக்காவுக்கு வந்தார். மலாக்காவில் வணிகக் கணக்குகள் தமிழில் நடந்தமையால், அப்துல்லாவின் தந்தையார் மகனை ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் தமிழ் படிக்க அனுப்பினார். இச்செய்தியை நம் கட்டுரையாளர் எடுத்துக்காட்டி மகிழ்வதுண்டு. மலாய் உரைநடையின் முன்னோடி எனப்படுபவரின் குருதியில் தமிழும் உண்டு என்று பெருமை கொள்கிறோம். ஆயின் அவர்தம் தன்வரலாறாகிய ‘ஹிக்காயாட் அப்துல்லா’வில் மொழிபெயர்ப்பைப் பற்றி அவர் எழுதியுள்ள பகுதிகளை நாம் உரிய கவனத்துடன் வாசித்ததாகத் தெரியவில்லை. தமிழ் கற்பிப்போர்க்குக் குருதிச் செய்தியினும் அப்பகுதிகளே பயன்மிக்கவை என்பது நம் கருத்து.

‘முன்ஷி’ என்னும் பட்டம் அவருக்கு மலாக்காக் கோட்டையிலிருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்கள் தந்தது. அவர்களுக்கு அவர் குர்ஆன் ஓதக் கற்பித்தார். 1815ஆம் ஆண்டில் இலண்டன் மிஷனரிச் சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மில்னும், அவரைத் தொடர்ந்து தோம்சனும் மலாக்காவுக்கு வந்தனர். இருவருக்கும் மலாய் கற்பித்தவர் அப்துல்லா. அக்காலத்தில் அவர் இருபது வயதை ஒட்டிய இளைஞர். பாதிரிமாரோடு பழகுவதை அவர்தம் உறவினர் விரும்பவில்லை. ஊரார் அவரை ‘அப்துல்லா பாதிரி’ என்று எள்ளினர். அவரோ இறுதிவரை முஸ்லிமாகவே வாழ்ந்தார். ஒருபுறம் தம் சமூகத்தின் ஐயத்தையும், மறுபுறம் கற்பிப்போனாயிருந்தும் கூலியாளாகவே கருதப்படும் நிலையையும் அவர் ஒருங்கே தாங்க வேண்டியிருந்தது. பிறமொழியாளர்க்கு மொழி கற்பிக்கும் பணி அக்காலத்தில் எளிதான பணியன்று.

மில்னைப் பற்றிய பகுதிகள் மதிப்பும் அன்பும் கலந்தவை. தோம்சனைப் பற்றிய பகுதிகளில் நடை மாறுகிறது. விவிலியப் பகுதிகளை மலாயில் பெயர்க்கும் பணியில் இருவரும் அமர்ந்திருந்தபோது நேர்ந்த சொற்போர்களை அப்துல்லா விவரிக்கிறார். அவருடைய குறை ஒன்றே: தோம்சன் எழுதிய வாக்கியங்களில் சொற்கள் மலாய்ச் சொற்கள், அவை அமைந்த முறை மலாய் முறையன்று. ஒரு மலாய்க்காரர் அதைப் படித்தால் ஒவ்வொரு சொல்லும் விளங்கும், வாக்கியம் விளங்காது. இதை அப்துல்லா எடுத்துக் கூறினார். மாணவர் ஆசிரியருக்குச் செவிசாய்க்கவில்லை. மலாய் எளிதில் கற்கத்தக்க மொழி என்பது அவருடைய எண்ணம். தமக்கே அது போதிய அளவு வந்துவிட்டது என்பது அவருடைய நம்பிக்கை. திருத்தங்கள் தள்ளப்பட்டன.

இங்கே ஆழ்ந்து நோக்க வேண்டியது அப்துல்லாவின் கவலை. தம் சமயத்தைச் சாராத ஒரு நூலின் மொழிநடை கெடுவதைப் பற்றி ஒரு முஸ்லிம் ஏன் வருந்த வேண்டும்? நூல் வெளியானால் தோம்சனுக்கு மலாய் கற்பித்தவர் இன்னார் என்பதை ஊர் அறியும். பிழைகள் தம் தலையில் விழும் என்று அவர் அஞ்சினார். பெருமையில் பங்கு இல்லை. பழியில் பங்கு உண்டு. சமமற்ற கூட்டுறவின் இலக்கணத்தை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலுமா என்பது ஐயமே. அவர் கூலியைப் பற்றியோ, அமர வைத்த இருக்கையைப் பற்றியோ முதன்மையாகக் குறை கூறவில்லை. தாம் நன்கு அறிந்த ஒன்றில் தம் மறுப்புக்கு மதிப்பில்லாமற் போனதே அவரைச் சுட்டது. தோம்சன் கொடியவரல்லர், பல்லாண்டுகள் உழைத்தவர், அச்சுக்கூடம் நடத்தியவர். நல்ல நோக்கமும் கடும் உழைப்பும் உடைய ஒருவர் தம் ஆசிரியரின் சொல்லைத் தள்ளிவிட இயன்றது என்பதே நாம் கருதத்தக்கது. பணிவு என்னும் பண்பை மட்டும் நம்பியிருக்கும் கூட்டுறவு எத்துணை மெலிந்தது என்பதற்கு இது சான்று.

இச்சான்றை நாம் அப்படியே ஏற்றுவிடவும் கூடாது. தோம்சன் 1834ஆம் ஆண்டில் தம் அச்சுக்கூடத்தை அமெரிக்க மிஷனுக்கு விற்றுவிட்டுச் சிங்கப்பூரை விட்டு நீங்கினார். அப்துல்லாவைத் தன்வரலாறு எழுதத் தூண்டியவர் அந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஆல்பிரட் நார்த். நூல் 1843ஆம் ஆண்டில் எழுதி முடிக்கப்பெற்று, 1849ஆம் ஆண்டில் மற்றொரு மிஷனரியான பெஞ்சமின் கீஸ்பெரியின் துணையோடு கல்லச்சில் வெளிவந்தது. ஆகவே, ஊரை விட்டுப் போன ஒரு மிஷனரியைப் பற்றி, ஊரில் இருக்கும் மிஷனரிமாரின் ஆதரவில் எழுதப்பட்ட குறை இது. இருப்பவரைப் பற்றி அவ்வளவு வெளிப்படையாக எழுத இயன்றிருக்குமா? மலாய்த் திறனாய்வாளருள் ஒரு சாரார் அப்துல்லாவை ஆங்கிலேயரின் துதிபாடி எனக் கண்டித்துள்ளனர். மலாய் அரசர்களைக் கடுமையாகச் சாடும் அவர் பேனா கும்பினி அதிகாரிகளிடம் மென்மையாவது உண்மையே. அக்கண்டனத்தைக் கருத்திற்கொண்டே நாம் இதைக் கூறுகிறோம்: தோம்சனைப் பற்றிய பகுதிகள் துதியன்று. அவை ஒரு மொழியாசிரியரின் தொழில் மானத்திலிருந்து எழுந்தவை.

தமிழில் உள்ள இடைவெளி

அப்துல்லாவைப் போல் எழுதி வைத்தவர் தமிழில் யார்? மிஷனரிமார்க்குத் தமிழ் கற்பித்த புலவர் பலர். அவர்களுள் ஒருவரேனும் தம் மாணவரைப் பற்றி இத்தகைய சான்று விட்டுச் சென்றதாக நம் இலக்கிய வரலாறுகள் காட்டவில்லை. அவை காட்டுவது மறுபக்கத்தை மட்டுமே. ‘ஐரோப்பியர் தமிழ்ப்பணி’ என்னும் தலைப்பு நம் கல்லூரிகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. வீரமாமுனிவர், சீகன்பால்கு, கால்டுவெல், போப் எனப் பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொருவர்க்கும் பிறந்த ஆண்டு, வந்த ஆண்டு, எழுதிய நூல்கள் என்று குறிப்புகள் அமையும். ‘தமிழை நன்கு கற்றுத் தேர்ந்தார்’ என்னும் ஒரு வாக்கியம் எல்லோர்க்கும் பொது. கற்றார் எனில் கற்பித்தவர் ஒருவர் இருக்க வேண்டுமே! அவரை நாம் தேடவில்லை. மிஷனரிகள் மறைத்தார்கள் என்று குற்றஞ்சாட்டுவதற்கு முன், அவர்கள் முன்னுரைகளில் குறிப்பிட்ட பெயர்களையும் நம் பாடநூல்கள் விட்டுவிட்டன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இராமாநுச கவிராயர் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சென்னையில் ட்ரூ பாதிரியார் 1840ஆம் ஆண்டில் வெளியிட்ட திருக்குறள் பதிப்பில் பரிமேலழகர் உரையும், அவ்வுரைக்குக் கவிராயர் எழுதிய விளக்கமும், ட்ரூவின் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஒருங்கே இடம்பெற்றன. தலைப்புப் பக்கத்திலேயே கவிராயரின் பெயர் உண்டு. அவரவர் பகுதி அவரவர் பெயரில் நிற்கிறது. ஒருவர் சொல்லை மற்றவர் தம் சொல்லாக்கவில்லை. அந்நாளைய கூட்டுறவுகளுள் இது மிகச் சீரியது எனக் கருதுகிறோம். ஏன் இது இயன்றது? திருக்குறளில் அதிகாரம் புலவரிடம் இருந்தது. அதை ட்ரூ அறிந்திருந்தார். விவிலியத்துக்கு வரும்போது நிலை வேறு. மூலத்தின் பொருள் தமக்கே தெரியும் என்று மிஷனரி கருதினார். புலவரிடம் அவர் நாடியது சொற்களை மட்டுமே. விவிலிய மொழிபெயர்ப்புகளை நாம் இன்றும் ‘பப்ரீசியஸ் மொழிபெயர்ப்பு’, ‘இரேனியஸ் மொழிபெயர்ப்பு’, ‘பவர் மொழிபெயர்ப்பு’ என்றே வழங்குகிறோம். பவர் பாதிரியாரோடு உழைத்த முத்தையா பிள்ளையின் பெயரை ஆய்வாளர் சிலரே அறிவர்.

யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது இன்னும் சிக்கலானது. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் தம் பள்ளியில் பயின்ற ஆறுமுகம் என்னும் இளைஞரை அங்கேயே ஆசிரியராக்கி, விவிலிய மொழிபெயர்ப்புப் பணியிலும் துணையாகக் கொண்டார். ஆறுமுகம் சைவர்; சைவராகவே அப்பணியைச் செய்தார். 1848ஆம் ஆண்டில் இருவரும் சென்னைக்குச் சென்றதையும், மொழிபெயர்ப்பை மகாலிங்கையர் பார்வையிட்டு நன்றென ஒப்பியதையும் நாவலர் வரலாறுகள் கூறுகின்றன. ஒரு கிறித்தவ மறைநூலின் தமிழ்நடைக்கு ஒரு சைவர் பொறுப்பு. அதன் தகுதியை ஓர் அந்தணப் புலவர் தீர்ப்பது. அத்தீர்ப்பை மிஷனரி நாடிச் செல்வது. தோம்சனிடம் காணாத ஒன்றைப் பேர்சிவலிடம் காண்கிறோம். தமிழ்நடையைப் பற்றிய கடைசிச் சொல் தமிழறிந்தாரிடம் விடப்பட்டது.

எனினும் இம்மொழிபெயர்ப்பு நிலைக்கவில்லை. 1850ஆம் ஆண்டில் வெளியான இதனைத் தமிழ்நாட்டுத் திருச்சபைகள் ஏற்கவில்லை. பப்ரீசியசின் நடையில் பழகிய செவிகளுக்குப் புதிய நடை அயலாயிருந்தது. பின்னர்க் குழு ஒன்று அமைந்து, பவரின் தலைமையில் உழைத்து, 1871ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழிபெயர்ப்பே சீர்திருத்தத் திருச்சபைகளில் நிலைபெற்றது. கூட்டுறவைப் பற்றிப் பேசுவோர் மிஷனரியையும் புலவரையும் மட்டும் நோக்குவர். நூலை நாள்தோறும் கையாளும் எளிய மக்கள் மூன்றாம் தரப்பினர். புலவர் சபையில் வென்ற நடை அவர்களிடம் தோற்றது. அவர்தம் மறுப்புக்கு இருந்த வலிமை அப்துல்லாவின் மறுப்புக்கு இல்லை. ஏனெனில் அவர்கள் கூலி பெறுவோர் அல்லர்.

அதே 1848ஆம் ஆண்டில் ஆறுமுகம் பேர்சிவலின் பள்ளியை விட்டு விலகி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். முந்திய ஆண்டின் இறுதி நாளிலேயே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர்தம் பிரசங்கங்கள் தொடங்கியிருந்தன. பள்ளி, அச்சகம், பிரசங்கம், தெளிந்த உரைநடை என மிஷனிடம் கண்ட கருவிகளையெல்லாம் அவர் மிஷனை எதிர்க்கப் பயன்படுத்தினார். இதைக் கூட்டுறவின் தோல்வி என்று மிஷன் வரலாறுகளும், சைவத்தின் வெற்றி என்று நாவலர் வரலாறுகளும் எழுதும். நமக்கு இரண்டும் முழுமையாகத் தோன்றவில்லை. விலகிச் செல்லும் உரிமை இல்லாத ஒருவர் கூட்டாளி ஆக முடியாது. நாவலருக்கு அவ்வுரிமை இருந்தது. அவர் அதைப் பயன்படுத்தினார். பேர்சிவலோ தமிழறிஞரோடு பழகுவதை அதனால் விட்டுவிடவில்லை. சென்னையில் அவர் ‘தினவர்த்தமானி’ நடத்தியபோது அதன் ஆசிரியப் பொறுப்புக்கு அழைத்தது மற்றொரு யாழ்ப்பாணத்தவரை: சி. வை. தாமோதரம்பிள்ளையை.

அசரியாவின் வேண்டுகோள்

அப்துல்லாவும் நாவலரும் மிஷனரியின் சமயத்தைத் தழுவியவரல்லர். தழுவியவர்க்கேனும் சமநிலை வாய்த்ததா? இக்கேள்விக்குத் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874ஆம் ஆண்டில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910ஆம் ஆண்டு சூன் மாதம் 20ஆம் நாள் எடின்பரோவில் விடை கூறினார். அங்குக் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் ஏறத்தாழ 1,200 பேர் இருந்தனர். ஆசியத் திருச்சபைகளைச் சார்ந்தோர் இருபதின்மருக்கும் குறைவு. வெளிநாட்டுப் பணியாளர்க்கும் உள்நாட்டுப் பணியாளர்க்கும் இடையிலான ஒத்துழைப்பு என்பது அவருக்குத் தரப்பட்ட தலைப்பு.

அவ்வுரையின் இறுதிப் பகுதியே எங்கும் எடுத்தாளப்படுகிறது. மிஷனரிமாரின் ஈகைக்கும் உயிர்த் தியாகத்துக்கும் நன்றி கூறிவிட்டு, இவற்றோடு நட்பையும் தாருங்கள் என்று அவர் வேண்டினார். உருக்கமான முடிவுதான். எனினும் உரை முழுவதையும் வாசிப்போர்க்கு அதன் வலிமை வேறிடத்தில் இருப்பது புலனாகும். அவர் மிகச் சிறிய செய்திகளைப் பேசினார்: இந்தியப் பணியாளரை வீட்டுக்கு அழைத்து உடனிருந்து உண்ணாமை, கைகுலுக்கத் தயங்குதல், பல்லாண்டுகள் ஒன்றாகப் பணியாற்றியும் ஒருவர் இல்லத்தை மற்றவர் அறியாமை. மிஷனரி சம்பளம் தருபவராகவும் இந்தியர் சம்பளம் பெறுபவராகவும் இருப்பதால் உறவு எசமான், வேலையாள் உறவாக இறுகியதை அவர் மறைக்கவில்லை. இரக்கத்தோடு கூடிய அன்பு தாராளமாகக் கிடைத்தது. நட்புக் கிடைக்கவில்லை என்பது அவர் கருத்து. அவையில் சிலர் முகஞ்சுளித்தனர். விருந்தோம்பலை ஒரு தனி அதிகாரமாக வைத்த மொழியைப் பேசும் நமக்கு, அவர் உணவிலிருந்து தொடங்கியது வியப்பாகத் தோன்றாது.

உரையைப் பாராட்டுவோர் அவ்வுரைக்கு முன் அவர் செய்தவற்றைப் பெரும்பாலும் சேர்த்துப் பேசுவதில்லை. 1902ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் சென்ற அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர் தாமே பொருள் திரட்டிப் பிற இடங்களுக்குப் பணியாளரை அனுப்புவதைக் கண்டார். அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரிச் சங்கமும், 1905ஆம் ஆண்டில் செராம்பூரில் தேசிய மிஷனரிச் சங்கமும் அவரும் பிறரும் முயன்று நிறுவியவை. இந்தியரின் பணம், இந்தியரின் ஆள், இந்தியரின் மேலாண்மை என்பது அச்சங்கங்களின் கொள்கை. எடின்பரோவில் நட்பை வேண்டியவர் வெறுங்கையோடு நின்று வேண்டவில்லை. பணப்பையைத் தம் மக்களின் கையில் வைத்துவிட்டே வேண்டினார். இதனை விட்டுவிட்டு அவ்வுரையை வெறும் உணர்ச்சி முறையீடாகக் கற்பிப்பது அவருக்கு நாம் செய்யும் குறைபாடு.

பணப்பையின் வலிமைக்குத் தஞ்சோங் பகாரை அடுத்த அமோய் தெருவிலேயே ஒரு சான்று உண்டு. பெங்களூரில் பிறந்த மெதடிஸ்டு மிஷனரி வில்லியம் ஓல்டாம், 1886ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் அத்தெருவின் 70ஆம் எண் கடைவீட்டில் பதின்மூன்று சீன மாணவர்களோடு ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கினார். பள்ளி வேண்டும் என்று ஊக்கியோர் தான் கியோங் சாய்க் முதலிய சீன வணிகர். பள்ளியும் அவர்கள் மதிப்பை நாடியே நடக்க வேண்டியிருந்தது. அன்று பக்கத்துத் துறையில் மூட்டை சுமந்த தமிழர்க்கு எந்த மிஷனரியோடும் அவ்வாறு பேச வாய்ப்பில்லை. கியோங் சாய்க்கின் பெயரில் இன்றும் அப்பகுதியில் ஒரு சாலை உண்டு. அச்சாலையிலேயே நம் இலயன் சித்தி விநாயகர் கோயிலும் இருக்கிறது. செல்வர் கூட்டாளியாவதும் சொல் விற்போர் கூலியாளாவதும் மிஷனுக்கு மட்டும் உரிய குறையன்று என்பதையும் இங்கே நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். தமிழ்ப் புலவரை நம் செல்வர் நடத்திய முறையும் பல வேளைகளில் இத்தகையதே.

அசரியா 1912ஆம் ஆண்டில் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. அப்போது அவர் நிலை தலைகீழாயிற்று. தெலுங்கு நாட்டில் ஒரு தமிழர்; மாலர், மாதிகர் முதலிய ஒடுக்கப்பட்டோர் நடுவே கல்வியும் பதவியும் பெற்ற ஒருவர். அவர் தெலுங்கு கற்றார். தம் பேராலயத்தை இந்துக் கோயில், மசூதி ஆகியவற்றின் கட்டட அமைதிகளும் கலந்து எழுப்பினார். அது 1939ஆம் ஆண்டில் படைக்கப்பெற்றது. எடின்பரோவில் அவர் மிஷனரிமாரிடம் கேட்ட கேள்வியைத் தோர்ணக்கல்லின் சிற்றூர் உபதேசியார் ஒருவர் அவரிடமே கேட்டிருந்தால் விடை என்னவாக இருந்திருக்கும் என்பது ஆராயத்தக்கது. கூட்டுறவைக் கறுப்பு, வெள்ளை என்னும் இரு நிறத்தில் மட்டும் காண்போர் இவ்விடத்தில் தடுமாறுவர்.

அவர் வேண்டுகோளுக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1971ஆம் ஆண்டில், கென்யாவின் பிரெஸ்பிட்டேரியன் தலைவர் ஜான் கட்டு, மிஷனரிகளையும் பணத்தையும் சிறிது காலம் நிறுத்தி வையுங்கள் என்று மேலைத் திருச்சபைகளைக் கேட்டார். நட்பைத் தாருங்கள் என்ற குரலும், எதையும் தராதீர்கள் என்ற குரலும் ஒன்றற்கொன்று முரணாகத் தோன்றலாம். அப்துல்லாவின் வழியே வாசித்தால் முரண் இல்லை. கொடுப்பவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லி, அதன்பின்னும் உறவில் நீடிக்க இயலுமா என்பதே இருவரின் சோதனையும்.

கீஸ்பெரி

இச்சோதனையில் ஓரளவு தேறிய மிஷனரி ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். கீஸ்பெரி ஐதராபாத்தில் பிறந்து சாவகத்தில் வளர்ந்தவர். அவருக்கும் மலாய் கற்பித்தவர் அப்துல்லா. 1843ஆம் ஆண்டில் அவர் கட்டிய மலாய்ச் சிற்றாலயமே இன்றைய பிரின்செப் தெரு பிரெஸ்பிட்டேரியன் ஆலயத்தின் தொடக்கம். 1847ஆம் ஆண்டில் இலண்டன் மிஷனரிச் சங்கம் சிங்கப்பூர்ப் பணியை முடித்துக்கொண்டபோது அவர் சங்கத்தை விட்டு விலகி, அச்சகத்தின் வருவாயைக் கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். அதாவது, சம்பளம் தரும் நிலையத்திலிருந்து அவரும் விடுபட்டவர். அவர் அச்சகத்தில் அப்துல்லா சொல் தரும் கூலியாள் மட்டுமல்லர். தம் பெயரில் நூல் வெளியிடும் ஆசிரியர். ‘ஹிக்காயாட் அப்துல்லா’வின் ஆசிரியர் தம் சமயத்தை மறைக்கவுமில்லை, மிஷனரி ஒருவரின் மொழிக் குறைகளை மறைக்கவுமில்லை. இரண்டையும் அச்சிட்டுத் தந்தது ஒரு மிஷனரியின் அச்சகம்.

கீஸ்பெரி தம் மாணவரையும் ஆசிரியரையும் சமயம் மாற்றவே விரும்பியிருப்பார் என்பதில் ஐயமில்லை. அதுவே அவர் பணி. அவ்விருப்பம் நிறைவேறவில்லை. 1854ஆம் ஆண்டில் அப்துல்லா மெக்காவுக்குப் புனிதப் பயணம் புறப்பட்டு, வழியில் எழுதிக்கொண்டே சென்றார். ஜித்தாவில் நோயுற்று இறந்தார். முற்றுப்பெறாத அப்பயணக் குறிப்புகள் சிங்கப்பூருக்குத் திரும்பி வந்தன. கீஸ்பெரி தாம் நடத்திய ‘செர்மின் மாத்தா’ என்னும் மலாய் இதழில் 1858, 1859ஆம் ஆண்டுகளில் அவற்றை வெளியிட்டார். ஒரு முஸ்லிமின் ஹஜ் பயணம் ஒரு கிறித்தவப் பாதிரியாரின் இதழில், எழுதியவர் பெயரோடு வெளிவந்தது.